ஏற்பதும் அறமே

கொடுத்தலின் பெருமையைப் பேசாத அறநூல் இல்லை. கொடுப்பவர் உயர்ந்தவர், பெறுபவர் தாழ்ந்தவர் என்னும் எண்ணம் நம் குருதியில் ஊறிக் கிடக்கிறது. 'யாரிடமும் கை நீட்டாதே' என்று சொல்லியே நம் பிள்ளைகளை வளர்க்கிறோம். ஔவையாரின் ஆத்திசூடியும் பிறரிடம் இரந்து பெறுவது இழிவு என்றே சிறுவர்க்குக் கற்பிக்கிறது. ஆனால் எல்லாரும் கொடுப்பவராகவே இருந்துவிட்டால் பெறுபவர் யார்? பெறுவார் இல்லாத உலகில் கொடை எங்கே நிகழும்? கொடுத்தலுக்கு ஓர் அறம் உண்டென்றால் ஏற்றலுக்கும் ஓர் அறம் இருந்தாக வேண்டுமல்லவா?

இவ்வினாவை ஏட்டளவில் ஆராய்வதைவிட, ஏற்பதன்றி வேறு வழியில்லாத நிலையில் பத்து மாதங்கள் வாழும் ஓர் இளம் உள்ளத்தை முன்வைத்து ஆராய்வது பயனுடையது. பள்ளிப் பருவத்திலேயே அயல்நாடு சென்று, முன்பின் அறியாத ஒரு குடும்பத்தில் அவ்வீட்டுப் பிள்ளையாகத் தங்கிப் படிக்கும் பரிமாற்ற மாணவரையே இங்குக் குறிப்பிடுகிறோம். அவர் உறங்கும் கட்டில் அவருடையதன்று. உண்ணும் தட்டு அவருடையதன்று. பேசும் மொழியும் அவருடையதன்று. வந்திறங்கிய அன்றே வீட்டின் சாவியை அவர் கையில் தருகிறார்கள். அவரிடமோ பதிலுக்குத் தர, பெட்டியில் கொண்டுவந்த சில பரிசுப் பொருள்களைத் தவிர வேறொன்றும் இல்லை. இந்நிலையில் நேர்மையோடும் தலைநிமிர்வோடும் வாழ்வது எப்படி?

தமிழில் 'பரிமாறுதல்' என்னும் சொல்லுக்கு ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுதல் என்றும் பொருள் உண்டு. இலையில் உணவு இடுதல் என்றும் பொருள் உண்டு. பரிமாற்ற மாணவரின் வாழ்வில் இவ்விரு பொருளும் ஒரே உணவு மேசையில் சந்திக்கின்றன. அங்கே பரிமாறப்படுவது உணவு மட்டுமா என்பதே நம் சிந்தனைக்குரியது.

போரின் சாம்பலிலிருந்து

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அறிந்தால் அதன் நோக்கம் விளங்கும். அமெரிக்கரான டொனால்டு வாட் என்பவர் 1932-ஆம் ஆண்டு 'எக்ஸ்பெரிமெண்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்' என்னும் முயற்சியைத் தொடங்கி அமெரிக்க இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். ஒரு நாட்டின் கோபுரங்களையும் அருங்காட்சியகங்களையும் பார்ப்பதால் அந்நாட்டு மக்களை அறிய முடியாது; அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தால்தான் அறிய முடியும் என்பதே அவரது உறுதியான எண்ணம். குடும்பங்களில் தங்கி வாழ்வது விரைவில் அவ்வமைப்பின் அடித்தளமாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இவ்வெண்ணம் வேகம் பெற்றது. 'அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ்' என்னும் அமைப்பு, முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டில் காயமுற்ற வீரர்களை ஆம்புலன்சு வண்டிகளில் ஏற்றிச் சென்ற தன்னார்வலர்களால் உருவானது. இரண்டாம் போரிலும் அதே பணியைச் செய்த அவர்கள், போர் முடிந்ததும் ஒரு வினாவை எதிர்கொண்டார்கள். காயமுற்றவர்களைத் தூக்கிச் செல்வது நற்பணியே. ஆயினும் காயங்களே நேராமல் தடுப்பது எப்படி? ஸ்டீபன் கலாட்டி என்பவரின் தலைமையில் அவர்கள் தேர்ந்த வழி, பள்ளி மாணவர்களை ஒருவர் நாட்டில் ஒருவர் வாழச் செய்வது. 1947-ஆம் ஆண்டு பல நாடுகளிலிருந்து 50 பேருக்குச் சற்று மேற்பட்ட மாணவர்கள் அமெரிக்க இல்லங்களுக்குச் சென்றார்கள். 1951-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரைச் சேர்ந்த ரேச்சல் ஆண்ட்ரீசன் அம்மையாரின் முயற்சியால், ஜெர்மன் மொழி பேசும் இளைஞர்கள் 75 பேர் அம்மாநிலத்துக் குடும்பங்களில் ஓராண்டு தங்கிப் படிக்க வந்தார்கள். 'யூத் ஃபார் அண்டர்ஸ்டாண்டிங்' என்னும் அமைப்பு அவ்வாறு பிறந்தது.

போர் முடிந்து அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. நேற்றுவரை பகைவர் என்று கற்பிக்கப்பட்ட ஒரு நாட்டின் பிள்ளைக்கு ஒரு தாய் காலை உணவு எடுத்து வைக்கிறாள். அப்பிள்ளையும் அதை உண்கிறது. இதில் யாருடைய துணிவு பெரிது? எடுத்து வைத்த கையின் துணிவை நாம் எளிதில் காண்கிறோம். உண்ட பிள்ளையின் துணிவை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. தோற்ற நாட்டின் பிள்ளை வென்ற நாட்டின் உணவை, குனிந்து கூசாமலும் வீம்பு கொள்ளாமலும் பெற்றுக்கொள்வது எளிதான செயலன்று.

விருந்தினரா, குடியிருப்பவரா, பிள்ளையா?

1795-ஆம் ஆண்டு இம்மானுவேல் கான்ட் என்னும் ஜெர்மானியச் சிந்தனையாளர் நிலையான அமைதியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அயலாரின் உரிமையைக் குறித்து நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். இவ்வுலகம் எல்லார்க்கும் பொது. ஆகையால் அயல்நாட்டுக்கு வருகிறவர் பகைவராக நடத்தப்படாதிருக்க உரிமை உடையவர். ஆனால் அவர் கேட்கக்கூடியது வந்து காணும் உரிமையை மட்டுமே. ஒரு வீட்டாரோடு வீட்டாராகச் சில காலம் வாழ வேண்டுமாயின், அதற்கு அன்பினால் எழும் தனி உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்கிறார் அவர்.

பரிமாற்ற மாணவரின் வாழ்வு அத்தகைய உடன்படிக்கை. அவர் விருந்தினர் அல்லர். விருந்தினருக்குச் சில நாள்களே கணக்கு. வாடகைக்குக் குடியிருப்பவரும் அல்லர். வாடகை தருபவர் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே வாங்குகிறார். பரிமாற்றத் திட்டங்களில் அமெரிக்கப் பள்ளிகளுக்கு வரும் மாணவர்களை ஏற்கும் குடும்பங்கள் ஊதியம் பெறுவதில்லை. அந்நாட்டு வருமான வரிச் சட்டம், தகுதியுள்ள மாணவர் ஒருவரை வீட்டில் ஒருவராக வைத்துப் பேணும் குடும்பம், அதற்காகச் செலவிட்டதில் மாதத்திற்கு 50 டாலர் வரை அறக்கொடையாகக் கணக்கில் காட்டலாம் என்கிறது. வளரும் பிள்ளையொன்றின் ஒரு வார உணவுக்கே அத்தொகை போதுமா என்பது ஐயம். சட்டம் அதை அறக்கொடை என்று அழைக்கிறதே தவிர, விலை என்று அழைக்கவில்லை என்பது நம் கவனத்திற்குரியது.

அதே நாட்டின் விதிமுறைகள் வேறு சிலவற்றையும் வகுத்துள்ளன. மாணவருக்கு வயது 15-க்குக் குறையாமலும் பதினெட்டரையைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். அவருக்குத் தனிக் கட்டில் வேண்டும். மடித்து விரிக்கும் சோபாவோ காற்றடைக்கும் மெத்தையோ ஆகாது. படிக்க அமைதியான இடம் வேண்டும். வீட்டில் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரின் குற்றப் பின்னணியும் ஆராயப்பட வேண்டும். திட்டத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளர் நேரில் சென்று வீட்டார் அனைவரையும் கண்டு பேச வேண்டும். பின்னர் மாதந்தோறும் மாணவரோடு தொடர்பு கொள்ள வேண்டும். அன்பைச் சட்டத்தால் ஆக்க முடியாது. ஆனால் அன்பு தவறும்போது பிள்ளை தரையில் விழாமல் தாங்க ஒரு கட்டில் வேண்டும் என்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது.

இலத்தீன் மொழியில் 'ஹோஸ்பெஸ்' என்று ஒரு சொல் உண்டு. விருந்தளிப்பவரையும் அது குறிக்கும். விருந்தினரையும் அது குறிக்கும். அதே வேரிலிருந்து வந்த 'ஹோஸ்திஸ்' என்னும் சொல்லுக்குப் பகைவர் என்று பொருள். முன்னோர் காலத்தில் அச்சொல் அயலாரையே குறித்தது என்று சிசரோ எழுதியிருக்கிறார். ஆக, வாசலில் நிற்கும் அறியாத மனிதர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பக்கூடியவராக மொழியில் நிற்கிறார். நம் தமிழிலோ 'விருந்து' என்பதற்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதிதாக வருகின்றவரே விருந்தினர். 'ஏற்றல்' என்னும் சொல்லையும் எண்ணிப் பார்ப்போம். குடும்பம் பிள்ளையை ஏற்கிறது என்கிறோம். பிள்ளை கொடையை ஏற்கிறது என்கிறோம். செய்பவர் இருவர், சொல் ஒன்றே.

'வேண்டாம்' என்னும் சொல்

இனி அன்றாட வாழ்வுக்கு வருவோம். அறம் சோதிக்கப்படுவது பெரும்பாலும் சமையலறையிலும் குளியலறை வாசலிலுமே.

நம் நாட்டில் விருந்தினர் முதல்முறை 'வேண்டாம், போதும்' என்பது மரபு. மறுபடியும் இடுவது வீட்டாரின் கடமை. 'அட, இன்னும் கொஞ்சம்' என்று மூன்றாம் முறை வற்புறுத்திய பின்னரே விருந்தினர் இலையிலிருந்து கையை விலக்குவார். இப்பழக்கத்தோடு ஜெர்மனிக்கோ அமெரிக்காவுக்கோ செல்லும் பிள்ளை முதல் வாரத்திலேயே பசியோடு படுக்க நேரிடும். 'இன்னும் வேண்டுமா?' என்று அவர்கள் ஒருமுறை கேட்பார்கள். 'வேண்டாம்' என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு பாத்திரத்தை நகர்த்திவிடுவார்கள். அதில் அன்புக் குறைவு ஏதுமில்லை; பிறருடைய சொல்லை மெய்யென்று நம்புவதே அங்கே மரியாதை. ஆகவே 'ஆம், வேண்டும்' என்று சொல்லப் பழகுவதே அப்பிள்ளையின் முதற்பாடமாகிறது. தன் தேவையை மறைக்காமல் வெளியிடுவது எவ்வளவு கடினம் என்பதை அப்போதுதான் அது உணர்கிறது.

ஜெர்மன் இல்லங்கள் பலவற்றில் இரவு உணவு என்பது ரொட்டியும் பாலாடைக்கட்டியும் குளிர்ந்த இறைச்சித் துண்டுகளுமே. சூடாக எதையேனும் உண்டு பழகிய வயிறு முரண்டு பிடிக்கும். அம்மொழியிலும் நம் மொழியைப் போலவே 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாடு உண்டு. ஆனால் வீட்டுக்குள் பெரியவர்களையும் 'நீ' என்றே அழைப்பார்கள். தந்தை வயதுடையவரைப் பெயர் சொல்லி 'நீ' என்று அழைக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்ளும்போது தமிழ்ப் பிள்ளையின் நாக்கு எழாது. ஆயினும் 'நீங்கள்' என்றே சொல்லிக்கொண்டிருந்தால், தம்மைத் தள்ளி வைப்பதாக அவர்கள் வருந்துவார்கள். தன் மரியாதை முறையை விட்டு, அவர்கள் மரியாதை என்று கருதுவதைக் கொடுப்பதும் ஏற்றலின் ஒரு பகுதியே.

ஜப்பானிய இல்லத்தில் வேறொரு பாடம் காத்திருக்கிறது. வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். அது நமக்குப் புதிதன்று. குளியலறையில் வெந்நீர் நிரம்பிய தொட்டி இருக்கும். உடலை வெளியிலேயே கழுவித் தூய்மை செய்துகொண்டு பிறகே அதில் இறங்க வேண்டும்; ஏனெனில் வீட்டார் அனைவரும் ஒருவர்பின் ஒருவராக அதே நீரில் அமர்வார்கள். விருந்தினருக்கு முதல் முறையைத் தருவது அவர்கள் வழக்கம். முதல் முறை தருவது நின்று, வரிசையின் நடுவே ஓர் இடம் கிடைக்கும் நாளில் அப்பிள்ளை வீட்டில் ஒருவராகிவிட்டது என்று கொள்ளலாம். வீடு திரும்புகிறவர் 'ததைமா' என்பார். 'இதோ வந்துவிட்டேன்' என்பது பொருள். உள்ளிருந்து 'ஒகாயேரி' என்று மறுமொழி வரும். 'வந்துவிட்டாயா, வா' என்பது போன்ற சொல் அது. உணவுக்கு முன் ஒவ்வொருவரும் சொல்லும் சொல் 'இத்தடகிமாஸ்'. 'பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்' என்பது அதன் நேர்ப்பொருள். நாள்தோறும் உணவுக்கு முன் தன்னைப் பெறுகிறவனாக அறிவித்துக்கொள்ளும் மக்களுக்கு, ஏற்றல் இழிவானது என்று தோன்றியிருக்க முடியாது.

வேலையைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவுதல், குப்பையை வெளியே வைத்தல், வாசலில் விழுந்த பனியை வாரி ஒதுக்குதல் போன்றவற்றில் ஒன்று பரிமாற்ற மாணவரின் பங்காகும். நம் பெற்றோர் சிலர் இதைக் கேள்வியுற்று, 'படிக்கப் போன பிள்ளையை வேலை வாங்குகிறார்களே' என்று மனம் வருந்துவதுண்டு. விருந்தினருக்கு நாம் வேலை தருவதில்லை. தம் பிள்ளைக்கே தருகிறோம். துடைக்கும் துணியைக் கையில் தந்த நாளில், 'இனி இவ்வீட்டின் சுமையிலும் உனக்குப் பங்குண்டு' என்று அவர்கள் சொல்லாமல் சொல்கிறார்கள்.

நன்றியும் அதன் எல்லையும்

இவ்வளவையும் பெற்றுக்கொண்ட பிள்ளை எப்படிக் கடன் தீர்க்கும்? நேர்மையுள்ள உள்ளத்தை இக்கேள்வி வருத்தாமல் விடாது. சிலர் முதல் மாதத்திலேயே பரிசுகளை வாங்கிக் குவித்துக் கணக்கை நேர்செய்ய முயல்வார்கள். உரோமைச் சிந்தனையாளர் செனேக்கா இதை அன்றே கண்டறிந்திருந்தார். அவரை மேற்கோள் காட்டும் புனித தாமஸ் அக்குவினாஸ், பெற்ற உதவியை அவசர அவசரமாகத் திருப்பிச் செலுத்தத் துடிப்பவரிடம் நன்றியைவிடக் கடன்பட்டோமே என்னும் மனவருத்தமே மிகுந்திருக்கிறது என்று விளக்குகிறார். உற்ற காலம் வரும்வரை கடன்பட்டவராக இருக்கச் சம்மதிப்பதும் நன்றியின் ஒரு கூறு. நமக்கு இது கசப்பான மருந்து. யாருக்கும் கடன்படாமல் வாழ்ந்தோம் என்பதையே பெருமையாகக் கல்லறையில் பொறிக்க விரும்பும் மக்கள் நாம். ஆனால் தாய்ப்பால் முதல் தாய்மொழி வரை திருப்பிச் செலுத்த முடியாதவற்றாலேயே நம் வாழ்வு ஆகியிருக்கிறது. சொந்த வீட்டில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை; அயல் வீட்டில் ஒவ்வொரு கவளத்திலும் தெரிகிறது.

எனினும் நன்றிக்கு எல்லை உண்டு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏற்கும் குடும்பத்தின் கையில் அதிகாரம் இருக்கிறது; பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் ஒன்றுமில்லை. எல்லா வீடுகளும் நல்ல வீடுகள் அல்ல. அவமதிப்போ அத்துமீறலோ நிகழும் இடத்தில் 'அவர்கள் உணவை உண்டோமே' என்று வாய்மூடி இருப்பது நன்றியாகாது. பிள்ளையின் நன்றியுணர்வையே பூட்டாக்கி அதன் வாயை அடைப்பவர், கொடுத்தவர் என்னும் பெயரையே இழந்துவிடுகிறார். மாதந்தோறும் பொறுப்பாளர் தொடர்பு கொள்ள வேண்டும் என்னும் விதி இதற்காகவே இருக்கிறது. வீடு மாறக் கேட்பது நன்றிகெட்ட செயல் அன்று. பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், 'எப்படியாவது பொறுத்துக்கொள்' என்று சொல்லி அனுப்புவதற்கு முன் இதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

சமயத்தைப் பொறுத்தவரை இது இன்னும் கூர்மை பெறுகிறது. ஞாயிறன்று குடும்பம் கோவிலுக்குப் புறப்படுகிறது; வீட்டில் வேற்றுச் சமயப் பிள்ளை ஒன்று தங்கியிருக்கிறது. 'நீயும் வருகிறாயா?' என்று அழைப்பது அன்பு. வர மறுத்தால் அன்று முழுதும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பது வற்புறுத்தலின் தொடக்கம். இட்ட உணவுக்கு விலையாக மனச்சான்றைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. சமயக் காரியங்களில் எவரையும் அவர்தம் மனச்சான்றுக்கு மாறாகச் செயல்படக் கட்டாயப்படுத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட சமய சுதந்திர அறிக்கையில் கற்பித்தது. மறுபுறம், கோவிலுக்கே செல்லாத வீட்டில் தங்க நேரும் நம் பிள்ளை, 'ஞாயிறு காலை என்னைத் திருப்பலிக்குக் காரில் கொண்டுபோய் விடுவீர்களா?' என்று கேட்கத் துணிய வேண்டும். பேருந்து இல்லாத சிற்றூர்களில் அதுவும் ஒரு யாசகமே. அவ்வாறு கேட்பதும் ஏற்றலில் அடங்கும்.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியர்க்கு வகுத்த ஒழுங்கின் 53-ஆம் அதிகாரம் விருந்தினரை வரவேற்கும் முறையைக் கூறுவது. அதைப் பலரும் அறிவர். 61-ஆம் அதிகாரமோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தொலைவிலிருந்து வந்து மடத்தில் தங்கும் துறவியைப் பற்றியது அது. அவர் அவ்விடத்து வழக்கங்களை மன நிறைவோடு ஏற்று, மிகுதியானவற்றைக் கேட்டுத் தொல்லை தராதிருந்தால், விரும்பும் காலம்வரை தங்கலாம். அவர் பணிவோடும் அன்போடும் நியாயமான குறையொன்றைச் சுட்டிக்காட்டினால், ஆண்டவர் அவரை இதற்காகவே அனுப்பியிருக்கலாமோ என்று மடத்தின் தலைவர் எண்ணிப் பார்க்க வேண்டும். எத்தகைய நுண்ணறிவு! பெறுபவராக வந்தவர் தாமறியாமலே கொடுப்பவராகவும் இருக்கிறார். வீட்டாரின் கண்ணுக்குப் பழகிப்போன குறையும் நிறையும் புதியவரின் கண்ணுக்கே தெரிகின்றன. 'ஏன் நீங்கள் மூவரும் சேர்ந்து அமர்ந்து உண்பதில்லை?' என்று ஒரு பரிமாற்ற மாணவர் வெள்ளையுள்ளத்தோடு கேட்கும் கேள்வி ஒரு குடும்பத்தையே ஒரு மேசைக்குக் கொண்டுவந்துவிடக்கூடும்.

பெற்ற தாயைப் பற்றிய கவலையும் உண்டு. அயல் வீட்டுப் பெண்மணியை 'அம்மா' என்று அழைத்தால் ஊரிலிருக்கும் தாய்க்குத் துரோகமாகாதா? முன்னாளில் கடிதம் வர வாரக்கணக்கில் ஆனது. இன்று கைபேசித் திரையில் நினைத்த நொடியில் தாயின் முகம் தோன்றுகிறது. உடல் ஒரு வீட்டிலும் உள்ளம் வேறொரு வீட்டிலுமாகப் பிள்ளை அறைக்குள் அடைந்து கிடப்பது இன்றைய இடர். அதனால்தான் தொடக்க வாரங்களில் வீட்டோடு பேசுவதைக் குறைத்துக்கொள்ளும்படி பரிமாற்ற அமைப்புகள் பலவும் அறிவுறுத்துகின்றன. பாகப்பிரிவினையில் நிலம் குறைவது போல அன்பு குறைவதில்லை. இதைப் பிள்ளைகள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். கற்றுக்கொள்ள நாளாவது ஊரில் காத்திருக்கும் தாய்க்குத்தான். தன் பிள்ளை பிறிதொருத்தியின் கையால் மகிழ்வோடு உண்பதைத் தாங்கிக்கொள்வது அவள் செய்யும் கொடை.

இரண்டு கதவுகள்

இதுவரை சொன்னவற்றையெல்லாம் நெருப்பிலிட்டுச் சோதித்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஜப்பானின் நகோயா நகரைச் சேர்ந்த யோஷிஹிரோ ஹத்தோரி என்னும் 16 வயது மாணவர், 'அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ்' வழியாக 1992-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் பேட்டன் ரூஜ் நகருக்கு வந்தார். அங்கே ஒரு குடும்பம் அவரைத் தம் மகன்களில் ஒருவராக ஏற்றது. அக்டோபர் 17 அன்று, அவ்வீட்டு மகனோடு ஹாலோவீன் விருந்தொன்றுக்குப் புறப்பட்டார். வீட்டு எண்ணில் நேர்ந்த சிறு குழப்பத்தால் இருவரும் வேறொரு வீட்டின் மணியை அடித்தார்கள். வேடமணிந்த அயல்நாட்டு இளைஞரைக் கண்டு அவ்வீட்டார் அஞ்சினார்கள். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து, 'அசையாதே' என்னும் பொருளில் ஆங்கிலச் சொல்லொன்றைக் கூவினார். விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லியபடி யோஷிஹிரோ முன்னே நடந்தார். ஒரே குண்டில் அவர் வாழ்வு முடிந்தது. வழக்கை விசாரித்த நடுவர் குழு 1993-ஆம் ஆண்டு மே மாதத்தில் சுட்டவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

ஒரே ஊர், ஒரே இளைஞர். ஒரு கதவு அவரை மகனாகக் கண்டது. மற்றொரு கதவு பகைவராகக் கண்டது. சிசரோ குறித்த அப்பழஞ்சொல்லின் இரு பொருளும் சில மைல்களுக்குள் நின்றன.

மகனை இழந்த பெற்றோர் என்ன செய்திருக்கலாம்? அமெரிக்கா என்னும் சொல்லையே வெறுத்திருக்கலாம். அவனை அனுப்பிய திட்டத்தையும், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத் தவறினீர்களே என்று ஏற்ற குடும்பத்தையும் பழித்திருக்கலாம். மசாய்ச்சி ஹத்தோரியும் அவர் மனைவி மியெக்கோவும் அப்படிச் செய்யவில்லை. அமெரிக்க இல்லங்களில் துப்பாக்கிகள் எளிதாகக் கிடைக்காதிருக்க வேண்டும் என்று ஜப்பானில் ஏறத்தாழ 17 லட்சம் கையொப்பங்களைத் திரட்டி, 1993 நவம்பரில் குடியரசுத் தலைவர் கிளிண்டனைச் சந்தித்தார்கள். பேட்டன் ரூஜ் நகரில் யோஷிஹிரோவை ஏற்ற குடும்பத்தாரும் அவர்களோடு தோள்சேர்ந்து உழைத்தார்கள். கைத்துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை ஆராய வழிசெய்த பிராடி சட்டம் அம்மாதம் 30-ஆம் நாள் கையொப்பமானது. அச்சட்டம் பலரது பல்லாண்டு உழைப்பின் பயன்; அவ்வுழைப்பில் இப்பெற்றோரின் கண்ணீரும் கலந்தது.

அவர்கள் செய்த மற்றொரு செயலே நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. மகனின் சாவுக்கு இழப்பீடாகக் கிடைத்த பணத்தில் அவன் பெயரால் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஜப்பானுக்கு வந்து அங்குள்ள குடும்பங்களில் வாழ்வதற்கான நிதி அது. தம் மகனைத் திருப்பித் தராத நாட்டின் பிள்ளைகளைத் தம் நாட்டு வீடுகளுக்கு அழைத்தார்கள்.

கடன் எப்படித் தீர்க்கப்படுகிறது என்று கேட்டோமே, இதோ விடை. பேட்டன் ரூஜ் நகரின் அந்தக் குடும்பத்திற்கு யோஷிஹிரோவால் எதையும் திருப்பிச் செலுத்த முடியவில்லை. அங்கே அவர் உண்ட உணவின் கடன், அக்குடும்பத்தைக் கண்டே இராத வேறு அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஜப்பானில் சோறாக இடப்பட்டது. கொடுத்தவருக்கே திரும்பினால் அது வாணிபமாய் முடிந்துவிடும். அடுத்துவரும் அயலாருக்குச் செல்லும்போது அது பெருகுகிறது. பெற்றவர் ஒருவர்; கொடுப்பவர் இன்னொருவர்; இருவருக்கும் இடையே கடல்.

ஆகவே ஏற்பதை இழிவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்முன் சற்றுத் தயங்குவோம். உழைக்காமல் பிறரைச் சுரண்டி வாழ்வது இழிவே, அதில் ஐயமில்லை. ஆனால் அன்போடு தரப்படுவதைக் கணக்குப் பார்க்காமலும், தன்மானம் குன்றாமலும், தீமைக்குத் தலை வணங்காமலும் பெற்றுக்கொண்டு, உரிய காலத்தில் அதை வேறொரு அயலாரின் கையில் சேர்ப்பது பேரறம். அப்பயிற்சி பெறாதவர் கொடுக்கும்போதும் செருக்கோடுதான் கொடுப்பார்; பெறும் கையின் கூச்சம் எத்தகையது என்பதை அவர் அறியாரன்றோ!

அயல்நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் பெட்டிக்குள் ஊறுகாயும் பொடிவகைகளும் அடுக்கப்படுகின்றன. அவற்றோடு சேர்த்து, தரப்படுவதை முகமலர்ச்சியோடு பெற்றுக்கொள்ளும் துணிவையும் தந்தனுப்புவோம். நம் தெருவில் புதிதாய் வந்திறங்கும் முகங்களுக்கு நம் கதவு எவ்விரண்டில் எதுவாக இருக்கிறது என்பதையும் நினைத்துப் பார்ப்போம்.

ஹத்தோரி குடும்பத்தின் நிதியால் ஜப்பான் சென்ற அமெரிக்க மாணவர் எவரும் அங்கே முதலில் கற்கும் சொற்களுள் ஒன்று, உணவு மேசையில் கைகுவித்துச் சொல்லும் அந்தச் சொல்லாகவே இருக்கும்: பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்.